பின்சக்கரத்துத் தகடும் நான் வென்ற வழக்கும்

இதைப் படிக்கும் உங்களை வாசகர் என்று அழைக்க எனக்கு விருப்பமில்லை. சாட்சி என்றே அழைக்கிறேன். வாசகர் இடையில் எழுந்து போகலாம்; சாட்சி கடைசிவரை நின்றாக வேண்டும். திருவண்ணாமலை தேரடிக்கு அருகில் இருந்த டாக்சி ஸ்டாண்டில், ஓர் அமாவாசைப் பகலில், ஒரு மனிதனை நான் பேச்சினால் வீழ்த்தினேன். அன்று அங்கே கூடியிருந்தவர்கள் எல்லாரும் என்னோடு சேர்ந்து சிரித்துவிட்டார்கள். அதனால் அவர்களைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அன்று சிரிக்காத ஒருவர் எனக்கு வேண்டும். அது நீங்களாக இருங்கள்.

இத்தனை காலம் கழித்து இதை எழுத வைத்தவர்கள் பைபாஸ் சாலையில் பட்டறை நடத்தும் இளைஞர்கள். ஒரு கார் அவர்களை ஒரு வாரமாக அலைக்கழித்துக்கொண்டிருந்தது. "வீல் பேலன்ஸ் பண்ணிப் பண்ணிப் பாத்துட்டோம் ஐயா. மிஷின்ல கரெக்டா காட்டுது. ரோட்ல எண்பதத் தொட்டா ஆடுது" என்றார்கள். சக்கரங்கள் உடம்பை விட்டுச் சற்று வெளியே துருத்தி நின்றதைப் பார்த்தேன். அழகுக்காக உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் டிரம்முக்கும் இடையில் செருகும் அந்தத் தகட்டை ஸ்பேசர் என்கிறார்கள். "மிஷின்ல சக்கரம் மட்டுந்தான் ஏறுது. தகடு வண்டியிலயே நின்னுடுது. கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க" என்றேன். ஆட்டம் நின்றது. "எப்பிடிங்க ஐயா டக்குனு சொன்னீங்க?" என்று கேட்டார்கள். அனுபவம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐம்பதுகளில் நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். மேடைப் பேச்சு அன்று எங்கள் ஊர் இளைஞர்களுக்கு ஒரு வெறி. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர் ஒருவர் எங்களை மாட்டுச் சந்தை நடக்கும் திடலில் நிறுத்தி, அந்தக் கோடிவரை குரல் எட்டுமாறு பேசப் பழக்கினார். எதிராளியின் சொல்லை எடுத்து அவன் மீதே எறிவது எப்படி, சிரிப்பு எழும் இடத்தில் நிறுத்துவது எப்படி, கைதட்டல் ஓயும் முன்பே அடுத்த வரியைத் தொடுப்பது எப்படி என்பதெல்லாம் எனக்குப் பதினாறு வயதில் கைவந்திருந்தன. கல்லூரிக்குச் செல்ல வீட்டில் வசதியில்லை. செங்கம் சாலையில் இருந்த ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தேன். நான்கைந்து ஆண்டுகளில் பிரேக்கும் கிளச்சும் ஸ்பிரிங்கும் பழகின. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் கற்பதைத்தான் நானும் கற்றேன்.

பட்டறையின் தலைவர் சுலைமான் மேஸ்திரி. சலவைச் சட்டையோடு வேலைக்கு வருவார். மாலையில் அதே வெண்மையோடு வீடு திரும்புவார். எண்ணெய் தன்மீது தெறிக்கத் துணியாது என்பது அவருடைய பெருமை. காரிடம் மரியாதையாகவும் காரின் சொந்தக்காரரிடம் மரியாதைக் குறைவாகவும் பேசுவார். "வாங்கம்மா, இன்னா கஷ்டம்?" என்று பானெட்டைத் தடவிக் கேட்பார். சொந்தக்காரர் வாய் திறந்தால், "நீ சும்மா இருப்பா, உன்னையா கேட்டேன்?" என்பார்.

ஆட்டம் என்று ஒரு வண்டி வந்தால் அவருக்கு ஒரு முறை உண்டு. அதை அவர் மாற்றி நான் பார்த்ததில்லை. முதலில் ஓட்டுநரைத்தான் பேச விடுவார், முதலாளியை அல்ல. ஓட்டுநர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லி, "இதானே சொன்னே?" என்று உறுதி செய்துகொள்வார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறுவார். வெறும் பாதங்களை வண்டியின் தரையில் பதித்துக் கண்ணை மூடிக்கொள்வார். எந்த வேகத்தில் ஆட்டம் தொடங்குகிறது, எந்த வேகத்தில் அடங்குகிறது என்று ஓட்டுநர் உரக்கச் சொல்ல வேண்டும். திரும்பும்போது முன்சீட்டில் அமர்ந்து ஸ்டியரிங்கின் மீது இரண்டு விரல்களை மட்டும் வைப்பார். வேகத்தில் இருக்கும்போதே கியரை விடுவித்து எஞ்சினை நிறுத்தச் சொல்வார். அப்போதும் ஆட்டம் இருந்தால் எஞ்சின் குற்றவாளியல்ல. "கையில ஆடுனா முன்னாடி பாரு, இடுப்புல ஆடுனா பின்னாடி பாரு" என்பது அவர் தீர்ப்பு. கடைசியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, ஒரு செங்கல் மீது சுண்ணக்கட்டியை நிறுத்தி, சக்கரத்தின் விளிம்பை மயிரிழை தொடும்படி நகர்த்திச் சுழற்றுவார். விளிம்பு முழுவதும் வெள்ளை படிந்தால் சக்கரம் நேர். ஒரு பக்கம் மட்டும் படிந்தால் கோணல்.

இந்த முறையை நான் மனப்பாடமாக அறிந்திருந்தேன். அறிந்திருந்தேன் என்பதைச் சாட்சியாகிய நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி என் பேச்சையும் ஒரு கருவியாகவே வைத்திருந்தார். "வக்கீலு" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். வேலை தாமதமாகி வாடிக்கையாளர் கோபத்தோடு வந்தால், "வக்கீலு, வெளிய வா, கேசு வந்துகிது" என்பார். நான் வெளியே போய்ப் பேசுவேன். கத்திக்கொண்டு வந்தவர் சிரித்துக்கொண்டு திரும்புவார். எனக்கு அது இனித்தது. சக்கரம் கழற்றும் நண்பர்களைவிட நான் ஒரு படி மேல் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை மண்டி முதலாளி தனகோட்டி ஒரு புகாரோடு வந்தார். அவருக்கு லாரிகள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் எங்கள் பட்டறைதான். தவிர, பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றை டாக்சியாக விட்டிருந்தார். ஏழுமலை என்பவர் அதை ஓட்டினார். நாற்பதை நெருங்கியவர், சுருக்கென்று பேசுபவர், சவாரி வந்தவர்கள் கதவை ஓங்கிச் சாத்தினால் இறங்கிச் சண்டை போடுபவர். சில வாரங்களாக அந்த வண்டி முப்பத்தைந்து மைல் வேகத்தில் நடுங்குவதாகப் புகார். ஏழுமலை குடித்துவிட்டு வண்டியை எங்கேயோ பள்ளத்தில் இறக்கி, பின்சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சிலை வளைத்துவிட்டார் என்பது தனகோட்டியின் குற்றச்சாட்டு. மதுவிலக்கு இருந்த காலம். குடித்தான் என்று பேர் விழுந்த ஓட்டுநருக்கு யாரும் வண்டி தரமாட்டார்கள்.

இத்தகைய வழக்குகளுக்கு ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. அமாவாசையன்று சவாரி குறைவு. அன்று பகலில் முதலாளிகளும் ஓட்டுநர்களும் கூடுவார்கள். இரு பக்கமும் பேச ஆள் வைத்துக்கொள்ளலாம். முடிவை ஸ்டாண்டின் மூத்த ஓட்டுநர் கோவிந்தன் சொல்வார். வண்டிச் சாவி அதுவரை அவர் சட்டைப்பையில் இருக்கும்.

"மண்டிக்காரரு நம்ம ஆளு. நீ போயி ரெண்டு வார்த்த பேசிட்டு வா, வக்கீலு. பட்டறை ஆளு சொன்னா எடுபடும்" என்றார் மேஸ்திரி.

"வண்டிய ஓட்டிப் பாக்கலீங்களே?"

"ஓட்டிக்கிறது அப்பறம். மொதல்ல கேசு முடியட்டும்."

மறு பேச்சுப் பேசாமல் போனேன். ஸ்டாண்டில் காரின் அடியில் குனிந்து பார்த்தேன். பின் ஆக்சிலின் கூட்டின் மேல் புதிய கீறல் ஒன்று இருந்தது. அது எனக்குப் போதும் என்று பட்டது. நான் அன்று பழுதைத் தேடவில்லை; பேசுவதற்குப் பாயிண்ட் தேடினேன்.

ஏழுமலைக்குப் பேச ஆள் இல்லை. அவரே பேசினார். "நான் குடிக்கல. பள்ளத்துலயும் வுடல. கல்லு தட்டி கீறிகிது, அது எல்லா வண்டியிலயும் கீது. ஸ்டியரிங்குல ஒண்ணுமே இல்லீங்க. சீட்டுலதான் ஆடுது. பெரிய டயர் போட்டதுக்கு அப்பறமாத்தான்..."

அந்த இடத்தில் நான் எழுந்தேன். அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. டயர் என்ற சொல் என் காதில் விழுந்தது. விழாதது போல் இருந்துவிட்டேன். அதைவிடச் சுவையான சொல் ஒன்று எனக்குக் கிடைத்திருந்தது.

"அவையோரே, ஓட்டுநர் உண்மையே உரைத்தார். ஸ்டியரிங் பிடித்த கை நடுங்கவில்லையாம். உட்கார்ந்த இடம் மட்டும் நடுங்குகிறதாம். தப்புச் செய்தவனுக்கு வேறு எங்கே நடுங்கும்?"

ஸ்டாண்டு அதிர்ந்தது. எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். நான் திடலில் பழகியபடி நிறுத்தி, சிரிப்பு தணியும் முன் அடுத்ததைத் தொடுத்தேன். தினமும் காலையில் முதல் சவாரிக்கு முன் ஏழுமலை பின்சக்கரத்து நட்டுகளை இறுக்குவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். "வேறு எந்த ஓட்டுநராவது நாள் தவறாமல் நட்டு இறுக்குகிறாரா? இவர் மட்டும் ஏன் இறுக்குகிறார்? மடியில் எதையோ வைத்துக்கொண்டிருப்பவர்தானே அடிக்கடி மடியைத் தொட்டுப் பார்ப்பார்!" மறுபடியும் சிரிப்பு.

ஏழுமலை என்னைப் பார்த்தார். "டேய், நான் சொல்லி முடிக்கல" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

சாவி தனகோட்டியிடம் போயிற்று. ஏழுமலைக்கு ஸ்டாண்டில் யாரும் வண்டி தரக்கூடாது என்று முடிவாயிற்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தெற்குப் பக்கமாக நடந்து போனார். சிலர் என் முதுகில் தட்டினார்கள். அன்று இரவு வீட்டில் அந்த இரண்டு குத்தல்களையும் நடித்துக் காட்டினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேடையில் ஆக்சில் வளைந்தது என்று முழங்கியாயிற்று. ஆகவே பட்டறையில் ஆக்சிலைத்தான் மாற்றினோம். சென்னையிலிருந்து வேறு ஆக்சில் வந்தது. சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, மாற்றி, பூட்டினேன். பழைய ஆக்சிலைச் சமதளத்தில் உருட்டிப் பார்த்திருந்தால் அது நேராக இருப்பது தெரிந்திருக்கும். உருட்டவில்லை. புதிய ஓட்டுநர் வண்டியை எடுத்துப் போனார். சில நாளில் திரும்பி வந்தார்.

"அதே ஆட்டம்ங்க. ஜாஸ்தியாவே ஆயிட்ச்சி."

மேஸ்திரி அன்று வேறு வேலையில் இருந்தார். நான் செருப்பைக் கழற்றினேன். பின்சீட்டில் ஏறி, வெறும் பாதங்களைத் தரையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டேன். கீழ்பென்னாத்தூர் சாலையில் வண்டி போயிற்று. முப்பது வரை ஒன்றுமில்லை. முப்பத்தைந்தில் சீட்டின் அடியிலிருந்து ஒரு நடுக்கம் எழுந்து இடுப்பில் ஏறியது. எஞ்சினை நிறுத்தச் சொன்னேன், நடுக்கம் நிற்கவில்லை. முன்சீட்டுக்கு மாறி ஸ்டியரிங்கில் இரண்டு விரல் வைத்தேன். அது அசையாமல் இருந்தது. ஏழுமலை சொன்னது ஒவ்வொரு சொல்லாக என் உடம்பில் நிரூபணமாயிற்று. வயல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்; பக்கத்தில் இருந்த ஓட்டுநர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

பட்டறையில் ஜாக்கி வைத்துப் பின்சக்கரத்தைத் தூக்கினேன். நட்டுகளைத் தொட்டபோது இரண்டு, ஸ்பேனர் இல்லாமலே விரலுக்கு அசைந்தன. செங்கல் மேல் சுண்ணக்கட்டியை வைத்துச் சுழற்றினேன். விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாயிற்று. சக்கரத்தைக் கழற்றி வேறு இடத்தில் பூட்டிச் சுழற்றினால் நேராக ஓடியது. ஆகவே குற்றம் சக்கரத்தில் இல்லை, அது பொருந்தும் இடத்தில். டிரம்மின் முகத்தை விளக்கு வைத்துப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு எங்கள் பட்டறையில்தான் அந்த வண்டிக்குச் சக்கரம் கழற்றிக் கறுப்பு வண்ணம் அடித்தோம். சக்கரம், டிரம், சக்கரத்தைப் பூட்டும் ஆணி என்று பாராமல் ஒரே பூச்சு. அந்தப் பூச்சில் டிரம்மின் ஓரத்தைச் சுற்றி மயிர் போல ஒரு வெடிப்பு ஓடியது. உளியின் நுனியை வைத்துத் தட்டினேன். டிரம் என்று நான் நினைத்ததன் மேல்பகுதி தனியே கழன்று கையில் வந்தது. விரல் கனத்துக்கு ஓர் இரும்புத் தகடு.

ஆக்சில் மாற்றியபோது அதை டிரம்மோடு சேர்த்துக் கழற்றி, சேர்த்தே மாட்டியவன் நான்தான்.

கனம் அளக்கும் காலிப்பரால் அளந்தேன். ஒரு பக்கம் தடிப்பு ஜாஸ்தி, எதிர்ப்பக்கம் கம்மி. லேத்தில் கடையாமல் தகட்டை வெட்டி அரம் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். நடுவில் இந்தச் சிறு கோணல், விளிம்புக்குப் போகையில் பெருகிவிடுகிறது. வேகம் கூடும்போது வண்டியே நடுங்குகிறது. அதைவிடக் கொடியது வேறொன்று. ஆணிகளின் நீளத்தைத் தகடு விழுங்கிவிட்டதால் நட்டு பிடிக்க ஆணி நுனியில் மூன்று நான்கு திருகு மரைகளே மிஞ்சியிருந்தன. நடுக்கத்தில் நட்டு தளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் காலையில் ஒருவர் இறுக்காவிட்டால், சவாரிக் குடும்பத்தோடு போகும்போது சக்கரம் கழன்று போகும். அந்த ஒருவரைத்தான் நான் மடியில் எதையோ வைத்திருப்பவர் என்றேன். அவர் போனபின் யாரும் இறுக்கவில்லை.

தனகோட்டி வந்தார். தகட்டைக் காட்டினேன்.

"இதுவா? வேலூர்ல போட்டுக் குடுத்தாங்க. மிலிட்டரி டயர் சல்லிசா கெடச்சிச்சி. ஸ்பிரிங்குல ஒரசுது, தகடு வெச்சா வெளிய தள்ளிக்கும்னாங்க. அதுக்கு இன்னா இப்ப?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, முதலாளி."

"நீ கேக்கலியே தம்பி."

அது உண்மை. மேஸ்திரி தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"தகட்ட கடாசிட்டு, பழைய சைஸ் டயரே மாட்டிக் குடு. வண்டி ஓடும். முடிஞ்சிது."

"ஏழுமலை அண்ணா?"

"ஸ்டாண்டுக்குப் போயி சொல்லப் போறியா? அப்பறம் எவன் நம்ம பட்டறைக்கு வண்டி வுடுவான்? டேய், அந்த வாயி உன்னுது மட்டும் இல்ல. பட்டறையோடது."

சொன்னபடி செய்தேன். டிரம்மின் முகத்தைக் கம்பிப் பிரஷால் இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். பழைய அளவு டயர் போட்ட சக்கரத்தை நேராகப் பொருத்தி, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினேன். தரையில் இறக்கியபின் மறுபடியும் இறுக்கினேன். ஐம்பதிலும் வண்டி அசையவில்லை. இளைஞர்களுக்கு ஒரு சொல்: தகடு வைத்தே தீர வேண்டும் என்றால் இரு முகத்தையும் லேத்தில் கடைந்து, எல்லாப் பக்கமும் ஒரே கனம் என்று அளந்து, நீளமான ஆணி மாற்றிய பிறகே வையுங்கள். பொருந்தும் முகத்தில் ஒரு துளி வண்ணமும் படவிடாதீர்கள். மேஸ்திரி எறியச் சொன்ன தகட்டை நான் எறியவில்லை.

ஏழுமலை அப்போது நெல் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். போய் நின்றேன். முதுகில் மூட்டையோடு என்னைக் கடந்து போய், இறக்கிவிட்டு வந்தார்.

"பேச வந்தியா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேங்கண்ணா. தகடுதான் காரணம். நீங்க சொன்னது..."

"நான் சொன்னது எனக்குத் தெரியும்."

"அமாவாசைக்கு ஸ்டாண்டுக்கு வாங்க. எல்லாருக்கும் முன்னால சொல்லிடறேன்."

"நீ சிரிக்க வெச்ச எடத்துல நான் மறுபடி வந்து நிக்கணுமா? இன்னாத்துக்கு? நீ போ. எவன் எவன் சிரிச்சானோ அவன் அவன்கிட்ட சொல்லு. இந்தப் பக்கம் வராதே, மூட்ட மேல வுழுந்துரும்." மண்டி ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்மேல் விழுந்தபோது அதன் எடை எனக்குத் தெரிந்தது.

அமாவாசையன்று பட்டறையில் சொல்லாமல் ஸ்டாண்டுக்குப் போனேன். கோவிந்தன் கை காட்டினார். "அவையோரே" என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. உடனே எல்லாரும் வசதியாக உட்கார்ந்தார்கள். "வக்கீலு வந்துட்டான்டா, கேளு" என்று ஒருவர் அடுத்தவரை இடித்தார். "ஏழுமலை குற்றமற்றவர்" என்றேன், சிரித்தார்கள். அடுத்து வரப்போகும் குத்தலுக்காகக் காத்திருந்தார்கள். "குற்றம் என்னுடையது" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் அது வேடிக்கையாகவே அவர்கள் காதுக்குப் போயிற்று. அப்படிப் பழக்கிவைத்தவன் நான்தான். திடலில் கற்ற எந்த வித்தையும் அந்தச் சிரிப்பை நிறுத்த உதவவில்லை.

பேச்சை விட்டேன். பையிலிருந்து தகட்டை எடுத்துக் கோவிந்தன் கையில் கொடுத்தேன். காலிப்பரையும், அந்தச் சக்கரத்தின் நட்டு ஒன்றையும் கொடுத்தேன். அவர் ஒரு பக்கம் அளந்தார், அந்த அளவோடு எதிர்ப்பக்கம் கொண்டுபோனார், கருவி ஆடிற்று. வாயில் மூன்று மரை மட்டுமே தேய்ந்திருந்த நட்டை எடுத்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் தந்தார். தகடு கை மாறிக் கை மாறிப் போனது. சிரிப்பு அது போன வழியில் அடங்கிக்கொண்டே வந்தது. எல்லாரும் வண்டி ஓட்டுகிறவர்கள். மூன்று மரை என்றால் என்ன என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"டேய், தெனம் நட்டு இறுக்கினானே" என்றார் ஒருவர், யாரிடமும் சொல்லாமல்.

தனகோட்டி ஏழுமலையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்தார். மேஸ்திரி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. வக்கீல் என்று பிறகு அழைக்கவே இல்லை. ஏழுமலைக்குப் பிற்பாடு அடி அண்ணாமலைக்காரர் ஒருவரின் கார் கிடைத்தது. பல ஆண்டுகள் ஓட்டினார். என்னிடம் வண்டியைப் பற்றி மட்டும் பேசுவார். நலம் விசாரித்ததில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அந்தக் கார் அவருக்குக் கிடைத்தது எப்படி என்பதைச் சொன்னால்தான் உங்கள் சாட்சியம் முடியும்.

அந்த அமாவாசைப் பகலில், தகடு ஒரு சுற்று வந்தபின் கோவிந்தன் அதை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "சரி தம்பி, தீர்ப்ப மாத்திடலாம். ஆனா குடிகாரன்னு பேர் வுழுந்துட்ச்சே. நீ இப்ப சொன்னத பத்து பேரு கேட்டோம். அன்னிக்கி நீ அடிச்ச ஜோக்கு கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போயிட்ச்சி. அவன நம்பி எவன் சாவி குடுப்பான்?"

அடி அண்ணாமலைக்காரர் ஓரமாக நின்றிருந்தார். அவர் புதிதாக ஒரு கார் வாங்கியிருந்தார், ஓட்டுநர் தேடிக்கொண்டிருந்தார். அவரும் கேட்கும்படி, திடலின் கோடிவரை எட்டப் பழகிய அதே குரலில், ஆனால் மேடைத் தமிழை விட்டுவிட்டுச் சொன்னேன்:

"நீங்க குடுங்க. ஏழுமலை அண்ணா கையில இருக்கிற வண்டிக்கு எது ஆனாலும் நான் ஜவாப். என் கைக்காசுல, என் கையால சரி பண்ணித் தரேன். அவரு சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்த வண்டிய நான் தொடமாட்டேன்."